சபையார் என்று ஒருத்தி

ஆராதனை முறைமைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டே பேர்தான் பேசுவார்கள். ஒருவர் போதகர். அவர் வாசிக்க வேண்டிய வரிக்கு முன்னால் ‘போதகர்’ என்று அச்சடித்திருக்கும். அவருக்குப் பதில் சொல்லும் வரிக்கு முன்னால் ‘சபையார்’ என்றிருக்கும். அச்சடித்தவர்கள் ஒரு பெருங்கூட்டத்தை மனதில் வைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள். தொண்டையைச் செருமுகிறவர்கள், பிள்ளையை அதட்டுகிறவர்கள், பிரசங்கம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி ஆமெனுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறவர்கள், எல்லாரும் சேர்ந்தால்தானே சபையார்? இந்த ஆலயத்தில் சில மாதங்களாக அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான் சொந்தக்காரி. போதகரின் மனைவி.

போதகரம்மா என்றுதான் ஊரெல்லாம் அவளைக் கூப்பிட்டது. கூப்பிட ஆள் இருந்த வரைக்கும்.

பதில் சொல்வதோடு வேலை முடிந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வரிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் உத்தரவுகள் வேறு. சபையார் எழுந்து நிற்பார்கள். சபையார் அமர்வார்கள். சபையார் முழங்கால்படியிடுவார்கள். போதகரம்மாவின் வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. எலும்போடு எலும்பு உரசுகிறது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டார். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஆனால் போதகர் லேசில் விடுகிறவர் இல்லை. சபையார் முழுதாக நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் அடுத்த வரியைத் தொட மாட்டார். புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அவள் தலைக்கு மேலே தெரியும் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி காத்திருப்பார். ஆலயம் நிறைந்திருந்த காலத்திலும் அப்படித்தான் காத்திருந்தார். பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

வீட்டில் இருக்கிற மனுஷனும் மேடையில் நிற்கிற மனுஷனும் ஒரே ஆள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வரும். சனிக்கிழமை முழுக்க “கால் உயிர் போகுதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” கொட்டுவார். மறுநாள் காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு மேடையேறியதும், “நம்முடைய சபையாரில் வியாதிப்படுகிற அனைவருக்காகவும் மன்றாடுவோம்” என்று குரல் தழுதழுக்க அழைப்பார். அந்த அனைவரும் இரண்டாவது பெஞ்சில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தனக்குத் தானே ஆமென் சொல்லிக்கொள்வாள். சிரிப்பதா அழுவதா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், சட்டப்படி அவள் சபையாரே கிடையாது. அந்தத் திருச்சபையில் போதகர்களைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊர் ஊராக மாற்றுவார்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ என்று இருக்கிற குடும்பத்தை எந்தச் சபையிலும் சேர்க்க முடியாது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். போதகர் குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்குக் குருமனை என்று பேர். குருமனை ஆட்கள் குருமனை ஆட்கள்தான். தலை எண்ணும்போது அவர்களை எண்ணக் கூடாது. கூட்டத்தில் அவர்கள் கை தூக்கக் கூடாது. ஆலயத்தைக் கூட்டலாம், பூ வைக்கலாம், வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுக்கலாம். அதற்கு ஒரு தடையும் இல்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் சபைக் கூட்டத்தில் குருமனையைப் பழுதுபார்க்கும் பேச்சு வந்தது. சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஆளாளுக்கு மல்லுக்கு நின்றார்கள். சமையலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே பாத்திரத்தை வைத்து வைத்து எடுத்துக் கொட்டுகிறவள் அவள்தான். பின்வரிசையிலிருந்து எழுந்து, “ஒரு நிமிஷம்” என்றாள். சபையில் பெரிய தொண்டைக்காரர் ஒருவர் இருந்தார். இடிமுழக்கம் என்பது பட்டப்பெயர். அவர் திரும்பிப் பார்த்து, பிரியமாகத்தான் சொன்னார்: “அம்மா, நீங்க சபையார் இல்லையே! நீங்க போதகரம்மா. உக்காருங்க.” எல்லாரும் சிரித்தார்கள். தலைமை தாங்கிக்கொண்டிருந்த போதகரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பிறகு எந்தக் கூட்டத்திலும் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சபை பிறகு தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. தொழிற்சாலை மூடியதில் பாதிப் பேர் பிழைப்பைத் தேடிப் போனார்கள். பிள்ளைகள் வேலை பார்க்கிற ஊருக்குப் பெற்றவர்களும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பெரிய ஆலயத்துக்கு, மின்விசிறியும் வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது என்று மெதுவாக நகர்ந்தார்கள். இடிமுழக்கம் போய்ச் சேர்ந்தார். கடைசியாக நின்றது ஒரு தையல்கார அக்கா. அவளுக்கும் பார்வை மங்கி, தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான்.

அதற்கு அடுத்த ஞாயிறு, போதகர் மணியடித்துவிட்டு அங்கியோடு வந்து நின்றார். பெஞ்சுகள் எல்லாம் காலி. பதில் சொல்லச் சபையார் இல்லாமல் ஆராதனையைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். அவர் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. மணிக்கூண்டிலிருந்து ஒரு புறா இறங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது. அவள் பூச்சாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே நின்றது அவளால் தாங்க முடியவில்லை. சாடியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் புத்தகத்தைப் பிரித்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “அன்பான சபையாரே” என்று தொடங்கினார்.

பாவம் பார்த்து உட்கார்ந்தது அவளுடைய தப்பு. அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டது அவருடைய தப்பு. ஒரு வாரத்துக்கு என்று செய்தது மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போயிற்று.

வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போனில் பிடித்துக்கொண்டாள். “அம்மா, இங்க நல்ல டாக்டர் இருக்காரு. நானே பேசி வச்சிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் என்கூட இருங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. இப்படியே விட்டா அப்புறம் நடக்கவே முடியாதுன்னு சொல்றாங்கம்மா.”

போதகரம்மா அன்று சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள். “ஏங்க, பொண்ணு வரச் சொல்றா. இந்தத் தடவை தட்டிக் கழிக்காதீங்க.”

“எனக்கும் ஆசைதான். ஆனா சபையை விட்டுட்டு எப்படி வர்றது?”

“எந்தச் சபையை?”

“நம்ம சபையைத்தான்.”

“உங்க சபைக்குத்தாங்க கால் வலிக்குது. உங்க சபைதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். சபை அங்க போன பிறகு இங்க யாருக்குப் பிரசங்கம் பண்ணப் போறீங்க?”

அவர் உண்மையாகவே யோசித்தார். கேலியாகப் பேசுகிற ஆள் அவர் இல்லை. “அதைத்தானே நானும் சொல்றேன். நீ போயிட்டா ஆராதனை நின்னு போயிடும். கொஞ்சம் பொறுத்துக்க. யாராவது வருவாங்க.”

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

தலைமை அலுவலகத்தின் கண்ணும் இந்த ஆலயத்தின் மேல் விழுந்தது. ஆராதனை நடக்கிறதா என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் போதகர் “தவறாமல் நடக்கிறது” என்று சொல்லி வந்தார். பொய்யில்லை. ஓய்வுபெறும் வயது தாண்டியும், சபை இருக்கும் வரைக்கும் அவரே இருக்கட்டும் என்று விட்டு வைத்திருந்தார்கள். இப்போது, சபை இருக்கிறதா என்று நேரில் பார்க்க வருகிற ஞாயிறு செயலாளரை அனுப்புகிறோம் என்று போன் வந்தது.

சனிக்கிழமை போதகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தானே துடைப்பத்தை எடுத்து ஆலயத்தைப் பெருக்கினார். பெருக்கத் தெரியாமல் குப்பையை எல்லாப் பக்கமும் பரப்பிவிட்டார். பிறகு வந்து அவள் எதிரே நின்றார்.

“நாளைக்குக் கொஞ்சம் நடுப் பெஞ்சுல உக்காரேன். ஆலயம் நிறைஞ்ச மாதிரி இருக்கும்.”

“நான் நீட்டிப் படுத்துக்கட்டுமா? இன்னும் நிறையும்.”

“பதிலை மட்டும் சத்தமா சொல்லு. போதும்.”

அவர் கெஞ்சிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், தன் முழங்காலையும் மகள் பேசி வைத்த டாக்டரையும் சேர்த்து ஒப்புக்கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது. நாளைக்குச் சபை இருக்கிறது என்று செயலாளர் சொல்லிவிட்டால், இன்னும் ஒரு வருஷமாவது எழுந்து, உட்கார்ந்து, முழங்கால்படியிட வேண்டும். அதற்குள் கால் அவ்வளவுதான்.

செயலாளர் நேரத்துக்கு வந்துவிட்டார். நடுவயதுக்காரர். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு ஆலயமாகப் போய்ப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். விருந்தாளியும் சபையில் சேர்த்தி இல்லை என்பதால் அவர் பதிலே சொல்லவில்லை.

போதகர் அன்று வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றார். அவர் ஒரு வரி வாசிக்க, நடுப் பெஞ்சிலிருந்து அவள் ஒரு வரி சொன்னாள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு கிழட்டுக் குரல் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. எழுந்தாள். உட்கார்ந்தாள். காணிக்கைப் பையை அவளே எடுத்து, அவளே போட்டு, நொண்டிக்கொண்டே போய் அவளே மேடையில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு பாவ அறிக்கை. சபையார் முழங்கால்படியிடுவார்கள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். வரிகளைச் சொல்லி முடித்தாள். சபையார் எழுந்து நிற்பார்கள். எழ முயன்றாள். முழங்கால் பூட்டிக்கொண்டது. இன்னொரு முறை முயன்றாள். வலி இடுப்பு வரைக்கும் ஏறி, கண் இருட்டியது.

போதகர் காத்திருந்தார். அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, புத்தகத்தை ஏந்தியபடி, வழக்கம்போலக் காத்திருந்தார்.

செயலாளர்தான் ஓடி வந்தார். கைத்தாங்கலாகத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

“ஐயா, சபையார் எங்க?”

“இதோ இருக்காங்களே.”

“இவங்க உங்க வீட்டம்மா இல்லையா? குருமனை ஆளுங்களைச் சபைல எண்ணக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?”

போதகருக்கு முகம் வெளிறிவிட்டது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. மறக்க வேண்டும் என்று மறந்திருந்தார். “தம்பி, பதில் சொல்றவங்கதானே சபையார்? ஒரு வாரம்கூட விடாம பதில் சொல்லியிருக்கா. நீங்களே கேட்டீங்களே.”

செயலாளர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவளிடம் குனிந்து கேட்டார். “நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதையே எழுதிக்கிறேன். நீங்க சபையாரா? இல்லைன்னா இன்னைக்கே ஆலயத்தைப் பூட்டிட்டு, ஐயாவுக்கு ஓய்வு எழுதிடறேன். நீங்களும் நிம்மதியா வைத்தியம் பாக்கலாம்.”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது உண்மையும்கூட. அந்த உண்மையை நிறைந்த கூட்டத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே இந்தச் சபைக்காரர்கள்தான். அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே மகளுக்குப் போன் பண்ணலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது அவரைப் பார்த்தாள். அங்கி தோளில் தொளதொளத்துத் தொங்கியது. எப்போது இவ்வளவு இளைத்தார்? பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால், இத்தனை மாதமும் இந்த மனுஷன் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும். அவளால் அது முடியாது. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

“ஆமா,” என்றாள். “நான் சபையார்தான்.”

போதகரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

செயலாளர் நிமிர்ந்தார். “அப்போ என் கையில ஒண்ணும் இல்லைங்கம்மா. சபைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் ஐயாவே இருக்கட்டும்னு முன்னமே எழுதிக் கொடுத்தாச்சு, இறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. சபையாரே பாத்து விடை கொடுத்தாத்தான் உண்டு.” சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் பின்பக்கம் நடந்தார்.

விடை கொடுக்கும் முறைமை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்து மாறும்போதும் சபையார் எழுந்து நின்று அதை அவருக்குச் சொல்வார்கள். அவள் வாசலில் கட்டி வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு நின்று கேட்டிருக்கிறாள். சொல்கிற உரிமை அவளுக்கு இருந்ததில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு ஒரு சொல் விடாமல் மனப்பாடம். இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் அதை அவருக்குச் சொல்லவே இல்லை. ஒவ்வொருவராக, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். அவர் இன்னும் மேடையை விட்டு இறங்காமல் நிற்பது ஏன் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. போகச் சொல்ல ஆள் இல்லாமல் நிற்கிறார்.

முன் பெஞ்சைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். செயலாளர் சத்தம் கேட்டுத் திரும்பி, அங்கேயே நின்றார்.

“எங்கள் நடுவே நடந்தீர்,” என்று தொடங்கினாள். இந்த முறை யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை, ஆனாலும் குரல் சத்தமாகத்தான் வந்தது. “எங்களுக்காக விழித்திருந்தீர். நீர் சொன்னதைக் கேட்டோம். கேட்டதில் பாதியை மறந்தோம். அதற்காக எங்களை மன்னியும்.”

போதகருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பது போலக் கையைப் பாதி தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

“உம்முடைய வேலை முடிந்தது. குறையாக விட்டதை வேறொருவர் செய்வார். சபையாராகிய நாங்கள் உமக்கு விடை கொடுக்கிறோம். இளைப்பாறப் போம்.”

அடுத்த வரி அவருடையது. ‘போதகர்: சமாதானத்தோடே போகிறேன்.’ இரண்டே சொல். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. உதடு கோணியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். முழங்கால் நடுங்கியது. இத்தனை நாள் அவர் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இப்போது அவள் காத்திருந்தாள். அவர் சொல்லாமல் உட்காருவதில்லை என்று வீம்பாகத்தான் நின்றாள்.

அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடினார். அங்கியைத் தலைவழியாகக் கழற்றினார். மடிக்கத் தெரியாமல் சுருட்டி மேடைமேல் வைத்தார். உள்ளே போட்டிருந்த பழைய சட்டையோடு, படிகளில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கி வந்தார். நடுப் பெஞ்சுக்கு வந்து அவள் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த ஊர் ஆலயத்திலும் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அசதியாக இருந்தது. அவருடைய உயிரை எடுத்த மாதிரியும் இருந்தது, காப்பாற்றிய மாதிரியும் இருந்தது.

வெகுநேரம் அவர் எதிரே இருந்த வெறும் மேடையையே பார்த்தார். பிறகு அதிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அவள் முழங்காலைப் பார்த்தார். புடவைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. மேடைக் குரல் இல்லை, சாப்பாட்டு மேசைக் குரலும் இல்லை. கல்யாணமான புதிதில் மட்டும் இருந்த ஒரு குரலில் கேட்டார்.

“ரொம்ப வலிக்குதா?”

போதகரம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“ரொம்பங்க,” என்றாள்.